கணிப்பொறிக்கு வந்த மறதி

"விஞ்ஞானத்தின் விந்தைகளுள் கணிப்பொறியும் ஒன்று" என்று கட்டுரையைத் தொடங்குவது வழக்கம். ஆண்டு மலரின் பழைய இதழ்களைப் புரட்டினால் அப்படித் தொடங்கும் கட்டுரைகள் நாலைந்தாவது கிடைக்கும். மனிதன் மறப்பான், கணிப்பொறி மறக்காது என்றும் அவற்றில் எழுதியிருக்கும். நாங்களும் அப்படித்தான் நம்பியிருந்தோம், சென்ற ஆண்டு நம் பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில் ஏழாம் எண் இயந்திரத்திற்கு மறதி நோய் வரும் வரையில்.

நோய் இன்னதென்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து வாரம் பிடித்தது. அந்த ஐந்து வாரமும் குற்றமற்ற ஒருத்தி பழி சுமந்தாள். பழியைச் சுமத்தியவர்கள் வேறு யாருமல்லர். கணிப்பொறி மன்றத்தின் உறுப்பினராகிய நாங்களேதான். ஆகவே இக்கட்டுரையை எழுதும் கடமையும் எங்களையே சேர்ந்தது. கதையோடு பாடமும் கலந்து வரும். வீட்டில் கணிப்பொறி வைத்திருக்கும் பெற்றோருக்கும் இது பயன்படலாம் என்று எண்ணுகிறோம்.

நடந்தது இதுதான். பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு ஏழாம் எண் இயந்திரம் ஒதுக்கப்பட்டிருந்தது. செய்முறைத் தேர்வுக்காக அவள் ஒரு நூலகப் பதிவேட்டை பைத்தான் மொழியில் எழுதிக்கொண்டிருந்தாள். வேலை பாதியில் இருக்கும்போது திடீரென்று திரை நீல நிறமாகும். ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வாசகம் தோன்றும். இயந்திரம் தானாக அணைந்து மீண்டும் எழும். சேமிக்காத வேலை அத்தனையும் போய்விடும். முதல் வாரம் இருமுறை, அடுத்த வாரம் நான்கு முறை. மற்ற வகுப்பு மாணவியர் அதே இயந்திரத்தில் அமர்ந்து கடிதம் தட்டச்சு செய்தபோது ஒன்றும் நேரவில்லை.

நாங்கள் என்ன முடிவுக்கு வந்திருப்போம் என்று சொல்லவும் வேண்டுமோ? "அவள் கொண்டுவரும் பென் டிரைவில் வைரஸ் இருக்கிறது" என்றாள் ஒருத்தி. "விசைப்பலகையை ஓங்கிக் குத்துகிறாள்" என்றாள் இன்னொருத்தி. நாங்கள் போய் மிஸ்ஸிடம் சொன்னோம். மிஸ் அவளுடைய அம்மாவை அழைத்து வரச் சொன்னார். அந்த அம்மா தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவர். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மயிலாப்பூருக்குப் பஸ் ஏறி வந்து, கணிப்பொறிக் கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "எவ்வளவு பணம் கட்டணும் மிஸ்?" என்று கேட்டார். அதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். அன்றைக்கு எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

உறைத்தது கூடத்தின் பொறுப்பாளரான சிஸ்டருக்குத்தான். "பெண்களே, நோட்டில் எழுதினீர்களா?" என்று கேட்டார். எழுதவில்லை. உடனே ஒரு நாற்பது பக்க நோட்டைக் கயிறு கோத்து ஏழாம் எண் மேசையில் கட்டித் தொங்கவிட்டார். ஒவ்வொரு முறை விழும்போதும் நாள், மணி, திறந்திருந்த நிரல்கள், திரையில் தோன்றிய வாசகம் ஆகிய நான்கையும் எழுத வேண்டும் என்பது கட்டளை. மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலில் காய்ச்சல் அட்டை தொங்குமே, அதைப் போல.

பத்து நாளில் நோட்டு பேசத் தொடங்கியது. வாசகம் ஒரே மாதிரி இல்லை. ஒருநாள் "மெமரி மேனேஜ்மென்ட்", மறுநாள் "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா", இன்னொரு நாள் "ஐ.ஆர்.க்யூ.எல். நாட் லெஸ் ஆர் ஈக்வல்". ஒருமுறை நீலத்திரையே இல்லை, உலாவி மட்டும் மூடிக்கொண்டது. நிரலில் பிழை இருந்தால் பெரும்பாலும் அதே இடத்தில், அதே வாசகத்தோடு விழும். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக விழுகிறதென்றால் நிரல்கள் நிற்கும் தரையே ஆடுகிறது என்று சந்தேகிக்கலாம். அந்தத் தரைதான் நினைவகம். கடைக்காரர்கள் "ரேம்" என்று சொல்வதும் அதையே.

இவ்விடத்தில் சற்று நின்று, நினைவகம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

நாம் எழுதிய கோப்புகள் நிரந்தரமாக இருப்பது வட்டில். அது பீரோ மாதிரி. வேலை செய்யும்போது வேண்டியதை எடுத்துப் பரப்பிக்கொள்வது நினைவகத்தில். அது மேசை மாதிரி. மின்சாரம் போனால் மேசை துடைக்கப்பட்டுவிடும். பழைய காலத்து நினைவகம் அப்படியில்லை. அடையாற்றை அடுத்த ஐ.ஐ.டி.யில் 1973-ஆம் ஆண்டு ஐ.பி.எம். 370/155 என்னும் பெரிய கணிப்பொறி வந்து சேர்ந்தது. அதன் நினைவகம் கடுகைப் போன்ற சிறு காந்த வளையங்களால் ஆனது. அவ்வகை வளையங்களினூடே மெல்லிய கம்பிகளைக் கோத்துப் பின்னியவர்கள் பெரும்பாலும் பெண்கள். தையல் வகுப்பில் பாசிமணி கோக்கும் நம் தோழியருக்கு இது பெருமையான செய்திதானே! காந்தமாதலால் மின்சாரம் நின்றாலும் அவ்வளையங்கள் மறப்பதில்லை.

இன்றைய நினைவகத்தின் மூலக்கருத்து ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு என்பவருடையது. 1968-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நுண்ணிய மின்தேக்கி. இவ்விரண்டும் சேர்ந்தால் ஓர் அறை. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையேல் 0. 1970-இல் இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்ற சில்லில் 1,024 அறைகள் இருந்தன. நம் ஏழாம் எண் இயந்திரத்தில் இருப்பது 8 ஜிபி நினைவகம். அதில் எத்தனை அறைகள் என்று கணக்கிட்டோம்; 6,871 கோடிக்கு மேல் வருகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த மின்தேக்கிகள் எல்லாமே ஒழுகும் குடங்கள். தண்ணீர் லாரி வராத நாளில் நம் தெருக்களில் வரிசையாய்க் குடங்கள் வைத்திருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குடத்திலும் சிறு ஓட்டை. ஆகவே ஒருத்தி வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓயாமல் நடந்து, பாதிக்குமேல் நீருள்ள குடத்தை நிரப்பிவிட்டும், வெறுங்குடத்தை வெறுமையாகவே விட்டும் போக வேண்டும். கணிப்பொறிக்குள் இந்தச் சுற்று 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்குப் பதினைந்து முறைக்குமேல் நடக்கிறது. நாம் ஒரு வரி படிப்பதற்குள் அவள் எத்தனை நடை நடந்திருப்பாள்!

6,871 கோடிக் குடங்களில் ஒன்றே ஒன்றின் ஓட்டை பெரிதாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவள் திரும்பி வருவதற்குள் அது காலியாகிவிடும். 1 என்று எழுதியது 0 ஆகிவிடும். இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். அந்தக் குடத்தில் அப்போது என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது. படத்தின் ஒரு புள்ளி இருந்தால் நிறம் சற்று மாறும், யாரும் கவனிக்கமாட்டார்கள். நிரலின் கட்டளை இருந்தால் நீலத்திரை. மதிப்பெண் இருந்தால்? கணிப்பொறியில் எழுத்தாக எழுதும் 3-க்கும் 7-க்கும் வேறுபாடு ஒரே ஒரு குடம்தான் (3-இன் எண் 51, 7-இன் எண் 55, இரண்டையும் இரும எண்ணில் எழுதிப் பாருங்கள்). 75 வாங்கியவளின் மதிப்பெண் 35 ஆகிவிட ஒரு குடம் ஒழுகினால் போதும். நீலத்திரை கூச்சல் போட்டாவது சொல்லிவிடுகிறது. இது சொல்லாமலே நடந்துவிடும். நீலத்திரையைவிட எங்களுக்கு இதுதான் அச்சமூட்டியது.

இது கற்பனையன்று. 2003-ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஜியம் நாட்டில் தேர்தல் நடந்தது. பிரஸ்ஸல்சை ஒட்டிய ஸ்கார்பேக் என்னும் ஊரில் ஒரு வேட்பாளருக்கு, கிடைக்கவே முடியாத அளவுக்கு வாக்குகள் வந்திருப்பதாகக் கணிப்பொறி காட்டியது. மறுபடி எண்ணினார்கள். மிகையாகச் சேர்ந்திருந்தவை சரியாக 4,096. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண் அது. நிரலைச் சல்லடை போட்டுத் தேடியும் பிழை அகப்படவில்லை. நினைவகத்தில் ஒரே ஒரு 0 தானாக 1 ஆகியிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். எண்ணிக்கை முடியாத அளவுக்குப் போனதால் அகப்பட்டது. நாற்பதோ எண்பதோ கூடியிருந்தால் யார் கண்டிருப்பார்?

இப்படி ஒருமுறை மட்டும் மாறிப்போவதற்கு விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் காரணமாகலாம். சில்லை மூடியிருக்கும் உறையில் கலந்துள்ள யுரேனியம், தோரியம் துணுக்குகளிலிருந்து வெளிப்படும் ஆல்ஃபா துகள்களும் இதைச் செய்யும் என்பதை இன்டெல் விஞ்ஞானிகள் 1978-இல் கண்டறிந்தனர். இவ்வகைப் பிழை வந்து போய்விடும், குடம் உடைவதில்லை. உடைந்த குடம் வேறு. அது அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஒழுகும். கூகுள் நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான இயந்திரங்களை இரண்டரை ஆண்டுக் காலம் ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன்படி ஓராண்டில் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட நினைவகப் பலகைகளில் பிழை காணப்பட்டது. கதிர்களைவிட உடைந்த குடங்களே அதிகம் என்பதும் அதில் தெரிய வந்தது. இன்னொன்றும் அதில் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

நிற்க. நோட்டைப் பார்த்ததும் நாங்கள் நேரே ரேமைப் பிடித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். முன்பின் பாராமல் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினோம். முதல் தடவை 34 விழுக்காட்டில் "கோப்பு பழுதாகியுள்ளது" என்று நின்றது. மறுதடவை 71-இல் நின்றது. அதே பென் டிரைவ் எட்டாம் எண் இயந்திரத்தில் முழுவதும் ஓடியது. விவரம் தெரிந்தவர்கள் இந்த ஓர் அடையாளத்திலேயே நினைவகத்தைச் சந்தேகித்திருப்பார்கள். நாங்களோ வட்டைச் சந்தேகித்தோம். வட்டைக் கழற்றி வேறொரு இயந்திரத்தில் மாட்டிச் சோதித்தோம், நலமாயிருந்தது. மின்விசிறியில் இருந்த தூசியைத் துடைத்தோம். சுண்ணாம்பு போல ஒரு கைப்பிடி வந்தது. அதுவும் நல்லதுதான், ஆனால் நோய் அதுவன்று. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் மாற்றிப் பார்த்தோம். பயனில்லை.

அப்போதுதான் சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டார். "எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தீர்கள். அந்தப் பெண்ணை மாற்றிப் பார்த்தீர்களா?"

வெட்கத்தோடு சொல்கிறோம், அதை நாங்கள் நினைக்கவேயில்லை. அவளை எட்டாம் எண் இயந்திரத்தில் அமர்த்தினோம். அதே பென் டிரைவ், அதே நிரல், அதே கைகள். இரண்டு மணி நேரம் ஒரு குறையுமில்லை. அவளுடைய வேலையை எங்களில் ஒருத்தி ஏழாம் எண்ணில் திறந்து, அவள் செய்வது போலவே தரவுத்தளம், உலாவி, பைத்தான் எல்லாவற்றையும் ஓட்டினாள். 35 நிமிடத்தில் நீலத்திரை வந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே படிக்கிறோம். மனிதர் விஷயத்தில் மட்டும் அது மறந்துவிட்டது.

இனி இயந்திரத்தைத் திறந்த கதை. வீட்டில் செய்ய விரும்புவோர் இதைக் கவனமாகப் படிக்கவும். முதலில் முக்கியமான கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும். நோயுற்ற இயந்திரத்திலேயே அவற்றை நகல் எடுக்கக் கூடாது. எடுக்கும் நகலும் அந்த ஒழுகும் குடத்தின் வழியாகத்தானே போகும்! வட்டைக் கழற்றி நல்ல இயந்திரத்தில் மாட்டி அங்கே நகல் எடுப்பதே சரி. பிறகு இயந்திரத்தை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, முகப்பிலுள்ள பொத்தானை ஒருமுறை அழுத்தினால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டால் நம் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் நீங்கும். பட்டுப் பாவாடையோடு இந்த வேலைக்கு வரவேண்டாம். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடும் வேண்டாம்.

ரேம் பலகை ஒரு சாண் நீளத்தைவிடக் குறைவாக, மெல்லிய அட்டை போல இருக்கும். டி.டி.ஆர்.4 வகையானால் அதன் அடியில் 288 பொன்முலாம் பூசிய தொடுமுனைகள் உண்டு. இருபுறமும் உள்ள தாழ்களை (சிலவற்றில் ஒருபுறம் மட்டுமே) விலக்கினால் பலகை வெளிவரும். ஓரத்தை மட்டுமே பிடிக்க வேண்டும். மயிலையும் சாந்தோமும் அடையாறும் கடற்காற்று படும் இடங்கள். உப்பும் ஈரமும் தொடுமுனைகளில் படிந்து தொடர்பைக் கெடுப்பதுண்டு. பென்சில் ரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும் என்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் கைவைத்தியம். மெதுவாக ஓரிரு முறை தேய்ப்பதில் பெரிய தீங்கில்லை. ஆனால் மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரைத் தொடவே கூடாது; பொன்முலாம் தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லியது, உரிந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணியே உத்தமம்.

நாங்களும் துடைத்தோம். "டக்" என்ற ஒலி வரும்வரை அழுத்தி மாட்டினோம். மூன்று நாள் இயந்திரம் சமர்த்தாக இருந்தது. வெற்றி என்று துள்ளி, கரும்பலகையில் எழுதியும் வைத்தோம். நாலாம் நாள் விழுந்தது. ஆகவே மூன்று நாள் நன்றாயிருந்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கடைசியில் செய்ததையே முதலில் செய்திருக்கலாம். நினைவகத்தைச் சோதிப்பதற்கென்றே நிரல்கள் இருக்கின்றன. விண்டோஸில் "மெமரி டயக்னாஸ்டிக்" என்ற ஒன்று உடன் வருகிறது. தேடும் பெட்டியில் அப்பெயரைத் தட்டினால் கிடைக்கும். அதைவிடக் கடுமையானது "மெம்டெஸ்ட்86+". அது இலவசம்; பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே இயந்திரத்தைத் தொடக்க வேண்டும். இவை செய்வது எளிய வேலைதான். ஒவ்வோர் அறையிலும் ஒன்றை எழுதும்; பிறகு படித்துப் பார்க்கும்; எழுதியது வேறு, படித்தது வேறு என்றால் சிவப்பு வரியில் அந்த அறையின் முகவரியைக் காட்டும். எல்லாம் 1, எல்லாம் 0, ஒன்றுவிட்டு ஒன்று, பக்கத்து அறையை மாற்றினால் இந்த அறை மாறுகிறதா என்று பல விதமாக இச்சோதனை நடக்கும். ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணியும் ஆகலாம். நான்கு சுற்றாவது ஓடவிட வேண்டும். ஆகவே இரவு முழுதும் விடுவது நல்லது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த நினைவகம் தேறவில்லை என்று பொருள். இங்கே 35 எடுத்தால் தேர்ச்சி என்பதெல்லாம் கிடையாது. பிழையே வராவிட்டாலும் முழு நற்சான்று தந்துவிட முடியாது; மறுநாளும் ஓட்டிப் பார்க்கலாம்.

ஒரு சனிக்கிழமை மாலை ஏழாம் எண்ணில் அதை ஓடவிட்டு வீடு திரும்பினோம். கன்னியர் மடத்தில் இரவு செபம் முடிந்ததும் சிஸ்டர் டார்ச் விளக்கோடு வந்து பார்த்தாராம். திரையில் பதினொரு சிவப்பு வரிகள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்தார். திங்கட்கிழமை பார்த்தபோது, பதினொன்றிலும் முகவரிகள் அடுத்தடுத்தவை, மாறிப்போன இலக்கமும் ஒன்றே. கதிர் பட்டுத் தற்செயலாக மாறியதன்று, உடைந்த குடம்.

இயந்திரத்தில் 4 ஜிபி பலகைகள் இரண்டு இருந்தன. எது குற்றவாளி? ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் ஓட்டினோம். முதல் பலகை இரவு முழுதும் ஒரு பிழையும் காட்டவில்லை. அதை எடுத்துவிட்டு அதே துளையில் இரண்டாவதை மாட்டினோம். இருபது நிமிடத்தில் சிவப்பு வரி. பிறகு நல்ல பலகையை இரண்டாவது துளையிலும் மாட்டிப் பார்த்தோம், அங்கும் நலமே. இந்தக் கடைசிப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு பலகையும் ஒரே துளையில் மட்டும் பிழை காட்டினால் பழுது பலகையில் இல்லை. துளையிலோ, தாய்ப்பலகையிலோ, நினைவகத்தை மேற்பார்க்கும் பகுதியைத் தன்னுள் கொண்ட செயலியிலோ இருக்கும். புது ரேம் வாங்கினாலும் பணம் வீண். விளையாட்டுக்காக வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும் அண்ணன்மார் உள்ள வீடுகளில், பயாஸ் அமைப்பில் "எக்ஸ்.எம்.பி." என்பதை அணைத்துவிட்டு ஒருமுறை சோதிக்க வேண்டும். பலகை நல்லதாயிருந்தும் தாங்க முடியாத வேகத்தால் தடுமாறுவதுண்டு.

மடிக்கணிப்பொறியிலும் இதே முறைதான். அடிமூடியைக் கழற்றினால் பலவற்றில் சிறிய ரேம் பலகை தெரியும். மெல்லிய புது ரகங்களில் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள்; அங்கே மாற்றுவது மெக்கானிக்குக்கே பெரிய வேலை. வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு பெற்றோரின் துணையோடு நாங்கள் மூவர் ரிச்சி தெருவுக்குப் போனோம். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். அண்ணா சாலையின் இரைச்சலிலிருந்து உள்ளே திரும்பினால், மாம்பலம் ரங்கநாதன் தெருவில் பாத்திரமும் பாவாடையும் தொங்குவது போல இங்கே வயர்களும் விசைப்பலகைகளும் தொங்குகின்றன. ஒரு சிறு கடையிலிருந்த அண்ணனிடம் பலகையைக் கொடுத்து, "இது பழுது, உறுதியாகத் தெரியும்" என்றோம். அவர் சிரித்துவிட்டு, "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்று தம் சோதனை இயந்திரத்தில் மாட்டினார். நோட்டைக் காட்டினோம். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். அவருடைய திரையிலும் சிவப்பு வரி வந்ததும், "ஏம்மா, இந்த நோட்டு எழுதினது யாரு? இங்கே வேலைக்கு வர்றாங்களா?" என்றார்! பெயர்பெற்ற கம்பெனிகள் ரேமுக்குப் பல ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. பலகையின்மேல் உள்ள ஒட்டுத்தாளைக் கிழிக்காமலும் ரசீதைத் தொலைக்காமலும் இருந்தால் புதியது மாற்றிக்கொள்ளலாம். நம் அலுவலக அறையில் ரசீது பத்திரமாக இருந்தபடியால் பள்ளிக்குச் செலவில்லை.

பிழையைக் கணிப்பொறி தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள வழியில்லையா என்று மதர் கேட்டார். உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்ற கணித அறிஞர் வாரக்கடைசியில் இயந்திரத்தில் கணக்கை ஏற்றிவிட்டுப் போவார். திங்கட்கிழமை வந்து பார்த்தால் இயந்திரம் பிழை கண்டு கணக்கைக் கைவிட்டிருக்கும். அந்த எரிச்சலில் பிறந்து 1950-இல் வெளியானது, பிழை இருக்கும் இடத்தையே காட்டிக்கொடுக்கும் குறியீட்டு முறை. அதன் வழிவந்த நினைவகத்தில் 64 இலக்கத்துக்கு 8 காவல் இலக்கங்கள் கூடுதலாக உண்டு. வங்கிகள், மருத்துவமனைகள் போன்றவற்றின் பெரிய இயந்திரங்களில் அதைக் காணலாம். வீட்டுக்கும் பள்ளிக்கும் வரும் இயந்திரங்களில், விலை கருதி, பெரும்பாலும் அது இருப்பதில்லை.

கூகுள் ஆராய்ச்சியில் இன்னொன்று உண்டு என்று சொன்னோம் அல்லவா? பிற்பகலில்தான் இயந்திரம் விழுகிறது என்று நோட்டில் கண்டபோது, மதிய வெயிலே காரணம் என்று நாங்கள் பெரிதாக வாதிட்டோம். அந்த ஆராய்ச்சியோ, வெப்பத்தின் பங்கு எதிர்பார்த்ததைவிடச் சிறிது, இயந்திரத்தின் வேலைப்பளுவின் பங்கே பெரிது என்கிறது. பிற்பகல் என்பது அவளுடைய செய்முறை வகுப்பு நேரம், அவ்வளவுதான். கடிதம் தட்டச்சு செய்தவர்கள் 8 ஜிபியில் ஒரு மூலையையே பயன்படுத்தினார்கள். தரவுத்தளமும் உலாவியும் நிரலும் சேர்த்துத் திறந்து, அந்த இயந்திரத்தில் முழு மேசையையும் பரப்பி வேலை செய்தவள் அவள் ஒருத்தியே. உடைந்த குடம் வரை போனவளும் அவள் ஒருத்தியே.

அவளுடைய அம்மாவுக்கு மிஸ்ஸும் நாங்களும் சேர்ந்து கடிதம் எழுதினோம். அதை எடுத்துக்கொண்டு நாங்களே மாலையில் தியாகராய நகருக்குப் போய், கடை வாசலில் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "சாப்பிட்டீங்களா கண்ணுங்களா?" என்று கேட்டார்.

செய்முறைத் தேர்வை அவள் ஏழாம் எண்ணில்தான் எழுதினாள். அவளே கேட்டு வாங்கிய இடம் அது. இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் காட்டினோம். முழுவதும் படித்தாள். நீலத்திரை வர 40 நிமிடம் ஆயிற்று என்று எழுதியிருந்தோம். பேனாவை வாங்கி அதை மட்டும் அடித்துவிட்டு, 35 என்று திருத்தினாள். நோட்டில் அப்படித்தான் இருந்தது.